பட்ஜெட் போனைப் பல் பிடித்துப் பார்ப்பது எப்படி?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளை வாங்குகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? விற்கிறவர் சொல்லும் பெருமையை ஒரு காதில் வாங்கிக்கொண்டே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் விலை பேசத் துண்டுக்கடியில் கை போகும். அதே மனிதர் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்கப் போனால், அட்டையில் '50 மெகாபிக்சல், 16 ஜி.பி. ரேம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்.

எங்கள் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், யாருக்குப் புதுப் போன் வேண்டுமென்றாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். கோபியில், ஈரோட்டில், கோவை காந்திபுரத்தில் என்று நான் ஏறி இறங்கிய கடைகளுக்குக் கணக்கில்லை. சில தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். பட்டன் போனிலிருந்து முதல்முறை டச் போனுக்கு மாறுகிறவர்களுக்கும், அவர்களுக்கு வாங்கித்தரப் போகும் பிள்ளைகளுக்கும் அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை உள்ள போன்களைப் பற்றித்தான் பேச்சு. மாடல் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. இன்று ஒன்றைச் சொன்னால் ஆறு மாதத்தில் அது கடையிலேயே இருக்காது.

கடைக்குக் கிளம்பும் முன்

முதலில், போன் எந்த இடத்தில் கிடக்கப் போகிறது என்று யோசியுங்கள். மஞ்சள் காட்டிலா, தறிக் குடோனிலா, பனியன் கம்பெனியிலா, மளிகைக் கடைக் கல்லாவிலா? வெயிலில் நிற்கிறவருக்குத் திரை வெளிச்சம் வேண்டும். தறி ஓட்டுகிறவருக்கு ஸ்பீக்கர் சத்தம் வேண்டும். கல்லாவில் இருப்பவருக்கு ஜிபே, போன்பே திக்காமல் திறக்க வேண்டும். எல்லாம் உச்சத்தில் உள்ள போன் இந்த விலையில் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனால், கடையில் அடுத்தவர் நமக்காக முடிவு செய்ய மாட்டார்.

இரண்டாவது, சிக்னல். உங்கள் தோட்டத்து வீட்டில் எந்த சிம் எடுக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள். வெளியே களத்தில் எடுப்பது போதாது, மோட்டார் ரூமுக்குள்ளும் எடுக்க வேண்டும். அந்தியூருக்கு மேலே பர்கூர், சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடி என்று மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் பழைய சிம், சிம் டிரேயைத் திறக்க ஒரு சேப்டி பின், வீட்டில் கிடக்கும் வயர் ஹெட்செட், வழக்கமாகப் போடும் கண்ணாடி. கண்ணாடியை மறந்துவிட்டுப் போய், "எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று வாங்கி வந்தவர் எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

முடிந்தால் வார நாளில், முற்பகலில் போங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிராஸ் கட் ரோட்டுப் பக்கம் போனால் போனைத் தொட்டுப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது.

கையில் எடுத்துப் பாருங்கள்

ஷோகேஸில் இருப்பது பல நேரம் வெறும் டம்மி. உயிருள்ள டெமோ போனைக் கேளுங்கள். டம்மியின் எடை உண்மைப் போனின் எடையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த விலைப் போன்கள் பெரும்பாலும் 6.6 அங்குலத்துக்கு மேல், ஏறக்குறைய 190 முதல் 210 கிராம். அட்டையில் படிக்கும்போது இது ஒன்றுமில்லை. ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் திரையின் மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லை என்றால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் போன் உங்களுக்கு ஆகாது. சட்டைப் பையில் போட்டுக் குனிந்து பாருங்கள். மடியில் சுருக்குப் பை வைத்திருக்கும் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு) வாங்குவதாக இருந்தால் அந்தப் பையையே கொண்டு போங்கள். நான் அப்படிக் கொண்டு போனபோது கடைப் பையன் சிரித்தான். போன் பைக்குள் போகவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் பின்பக்கம். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருப்பது இந்த விலையில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, கீழே விழுந்தால் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி நொறுங்காது. ஆனால் பளபளப்பில் கைரேகை படியும், வியர்வைக் கையில் வழுக்கும். சொரசொரப்பான மேட் பின்பக்கம் மேல். மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். கேமரா மேடு துருத்திக்கொண்டு போன் ஆட்டம் போட்டால், மேசையில் வைத்தே டைப் அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது தினமும் எரிச்சல்.

கேமரா வட்டங்களை எண்ணி மயங்காதீர்கள். மூன்று வட்டம் இருந்தால் மூன்று கேமரா என்று அர்த்தம் இல்லை. ஒன்று அலங்காரமாக இருக்கலாம், இன்னொன்று பிளாஷ் விளக்காக இருக்கலாம்.

பட்டன்களை அழுத்திப் பாருங்கள். 'டிக்' என்று திடமாக உள்ளே போக வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. இரண்டு முனையையும் பிடித்து லேசாக முறுக்கினால் நறநறவென்று சத்தம் வரக் கூடாது. லேசாக என்றுதான் சொன்னேன், கரும்பு ஒடிப்பது மாதிரி வேண்டாம்.

கைரேகை பார்க்கும் இடம் இந்த விலைப் போன்களில் பெரும்பாலும் பக்கவாட்டுப் பட்டனிலேயே இருக்கும். டெமோ போனில் உங்கள் விரலைப் பதிந்து பத்துத் தடவை திறந்து பாருங்கள். களை வெட்டி, மஞ்சள் பறித்து, சாயப்பட்டறையில் நனைந்து தேய்ந்த விரல்களை மெஷின் அடையாளம் காணத் திணறும். ரேஷன் கடையில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பத்துக்கு நாலு தடவை மக்கர் செய்தால் ஒரே விரலை இரண்டு முறை பதிந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். பார்த்து முடித்ததும் பதிந்த ரேகையை அழித்துவிட்டு வாருங்கள்.

வெயிலில் கொண்டு போய்ப் பாருங்கள்

கடைக்குள் எல்லாத் திரையும் அழகுதான். ஏ.சி., ட்யூப் லைட், மேலே சின்னச் சின்ன விளக்கு. டெமோ போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பாருங்கள். "வெளிய எல்லாம் கொண்டு போகக் கூடாதுங்ணா" என்பார்கள். "நீங்களும் கூட வாங்க தம்பி" என்று அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஆனால் விளம்பரத்தில் வரும் பெரிய எண் பல நேரம் திரையின் ஒரு சின்ன மூலையில் கொஞ்ச நேரம் மட்டும் எட்டும் உச்சம். அதனால் எண்ணைவிட வாசலில் அடிக்கும் வெயிலை நம்புங்கள்.

திரையின் தெளிவில் எச்.டி. பிளஸ், ஃபுல் எச்.டி. பிளஸ் என்று இரண்டு வகை வரும். முதலாவது 720க்கு 1600 புள்ளிகள், இரண்டாவது 1080க்கு 2400. ஒரே 6.7 அங்குலத் திரையில் இவற்றைப் பரப்பினால் முன்னதில் அங்குலத்துக்குச் சுமார் 262 புள்ளி, பின்னதில் சுமார் 393. தமிழில் இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். 'ணை', 'ழு', 'ஞ்' மாதிரி சுழியும் வளைவும் உள்ள எழுத்துகள் சின்ன அளவில் எச்.டி. பிளஸ் திரையில் ஓரம் மங்கித் தெரியும். நாளெல்லாம் செய்தி படிக்கிறவர் ஃபுல் எச்.டி. பிளஸ் பக்கம் போகலாம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கும் பெரியவர்களுக்கு எச்.டி. பிளஸே போதும், பேட்டரியும் கொஞ்சம் மிச்சம்.

எழுத்தைப் பெரிதாக்குவதையும் அங்கேயே செய்து பார்த்துவிடுங்கள். அமைப்புகளில் எழுத்து அளவை உச்சத்தில் வைத்து, மொழியைத் தமிழாக்கி, வாட்ஸ்அப்பையும் அழைப்புத் திரையையும் திறந்து பாருங்கள். சில போன்களில் பட்டனுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும்.

90, 120 ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு ஓடும். நன்றாகத்தான் இருக்கும், அதற்காக மட்டும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் வகைத் திரை கிடைத்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும்.

பேசிப் பாருங்கள்

போன் வாங்கப் போகிறவர்கள் போனில் பேசிப் பார்ப்பதே இல்லை. இது எனக்கே நடந்தது. சென்னிமலையில் இருக்கும் அத்தைக்கு முதல் டச் போன் வாங்கிக் கொடுத்தேன். கேமரா பார்த்தேன், மெமரி பார்த்தேன், கலர்கூட அத்தைக்குப் பிடித்த நீலமாகப் பார்த்து எடுத்தேன். மூன்றாம் நாள் பழைய பட்டன் போனிலிருந்து கூப்பிடுகிறார். "ஏங்கண்ணு, நான் பேசப்பேச அந்தப் பக்கம் யாருக்குமே கேக்க மாட்டீங்குதாம். என்ன போன வாங்கிக் குடுத்த நீயி?"

நேரில் போய்ப் பார்த்தால், காதில் வைத்ததும் அணைய வேண்டிய திரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அத்தையின் கன்னம் பட்டு மியூட் பட்டன் அமுங்கிவிடுகிறது. காதருகே வருவதை அறியும் சென்சாரில்தான் கோளாறு. விலை குறைந்த சில போன்களில் இதற்கென்று தனி சென்சாரே இருக்காது, மற்ற சென்சார்களை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். அது சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கடைக்காரர் மாற்றித்தர ஒப்புக்கொள்ளவில்லை. சர்வீஸ் சென்டர் என்று இரண்டு நாள் அலைந்ததுதான் மிச்சம்.

ஆகவே உங்கள் சிம்மைப் போட்டுத்தரச் சொல்லி, வீட்டுக்கு ஒரு அழைப்பு போடுங்கள். காதில் வைத்ததும் திரை அணைகிறதா, எடுத்ததும் எரிகிறதா என்று ஐந்தாறு முறை பாருங்கள். ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைப் பாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவர்கள், கடைக்கு வெளியே பஸ் போகும் நேரமாகப் பார்த்து ரிங்டோன் கேட்கிறதா என்று சோதிக்கலாம். தறிச் சத்தத்துக்கு பஸ் சத்தம் ஈடாகாதுதான், இருந்தாலும் ஒரு கணக்குக் கிடைக்கும்.

ஹெட்செட் துளை இருக்கிறதா? புதுப் போன்கள் பலவற்றில் அதை எடுத்துவிடுகிறார்கள். எஃப்.எம். கேட்கிறவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் வழக்கமாக அந்த வயர்தான் ஏரியல். தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கத்தில் காலையில் கோடை பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே பால் கறக்கிறவரிடம் ப்ளூடூத் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், என்ன திட்டு விழும் என்று தெரியும். எஃப்.எம். செயலி போனில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, வயரைச் செருகி ஒரு ஸ்டேஷன் பிடித்துப் பாருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

மெமரிதான் அதிகம் பேர் ஏமாறும் இடம், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ரேம் என்பது வேலை செய்யும் மேசை. ஸ்டோரேஜ் என்பது பீரோ. மேசை பெரிதாக இருந்தால் நாலு வேலையை ஒரே நேரத்தில் விரித்து வைக்கலாம். அட்டையில் '16 ஜி.பி. ரேம்' என்று போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் '8+8' என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது 8 உண்மையான ரேம் அல்ல. பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து மேசை என்று சொல்லும் வேலை. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குக் கிட்டவே வராது. ஆகவே கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். இன்றைக்கு 4 ஜி.பி. என்பது மூச்சுத் திணறல், 6 இருந்தால் பரவாயில்லை, 8 இருந்தால் நிம்மதி.

ஸ்டோரேஜ் 128 ஜி.பி.க்குக் குறையாமல் பாருங்கள். ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் ஒரு பெரிய பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நிரப்பிவிடும். நான் ஒருமுறை ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று 64 ஜி.பி. வாங்கினேன். ஆடிப் பெருக்குக்கு வாங்கிய போன் பொங்கலுக்கு 'இடமில்லை' என்று அழ ஆரம்பித்துவிட்டது.

மெமரி கார்டு போடலாம் என்று சொன்னால், சிம் டிரேயை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிம்முக்கும் கார்டுக்கும் மூன்று தனி இடம் இருக்க வேண்டும். இரண்டே இடம் இருந்தால், கார்டு போட ஒரு சிம்மைக் கழற்ற வேண்டிவரும்.

ஸ்டோரேஜில் இரண்டு வகை உண்டு என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இ.எம்.எம்.சி. பழைய வகை, யு.எஃப்.எஸ். அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமானது. இரண்டுமே '128 ஜி.பி.' என்றுதான் அட்டையில் இருக்கும். வாங்கிய ஆறு மாதத்தில் போன் திக்குவதற்கு இ.எம்.எம்.சி. பல நேரம் ஒரு காரணம். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில் இது இருக்கும், வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். அதில் எந்த வகை என்று எழுதாமல் விட்டிருந்தால், நல்லதாக இருந்தால் எழுதாமல் இருப்பார்களா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: கேமரா, மேப், யூடியூப், பிரவுசர், கால்குலேட்டர் என்று வரிசையாகத் திறந்துவிட்டு, மறுபடி கேமராவுக்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே இருந்தால் நல்லது. ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஆரம்பித்தால் மேசை சிறியது என்று அர்த்தம்.

போனின் மூளையான சிப்பைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதை நானோமீட்டரில் சொல்வார்கள்: ஹீலியோ ஜி85 மாதிரி பழையவை 12 நானோமீட்டர், டைமென்சிட்டி 6300 என்பது 6, ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 என்பது 4. பொதுவாக இந்த எண் குறையக் குறைய சூடும் பேட்டரிச் செலவும் குறையும். புழக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

5ஜியில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 அக்டோபர் 1ஆம் தேதி நம் நாட்டில் 5ஜி தொடங்கியபோது, ஜியோ எஸ்.ஏ. என்ற தனித்து நிற்கும் முறையில் வந்தது. ஏர்டெல் 4ஜியின் மேல் சாய்ந்து நிற்கும் என்.எஸ்.ஏ. முறையில் ஆரம்பித்தது. விலை குறைந்த 5ஜி போன்களில் சில எஸ்.ஏ. மட்டும்தான் எடுக்கும். அதில் ஏர்டெல் சிம்மைப் போட்டுவிட்டு, டவர் பக்கத்தில் இருந்தும் 4ஜி மட்டுமே வருகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. விவரப் பட்டியலில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே என்28, என்78 என்ற இரண்டு அலைவரிசைகளும் இருக்க வேண்டும். என்28 என்பது ஜியோ வைத்திருக்கும் 700 மெகாஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த அலை தூரம் போகும், சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடியிருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

கேமரா

50 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும் படம் 12.5 மெகாபிக்சல்தான். நாலு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கி, இருட்டில் கொஞ்சம் தெளிவாக எடுப்பதற்கான ஏற்பாடு அது. ஏமாற்று இல்லை, ஆனால் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்க), டெப்த் (பின்னணியை மங்கலாக்க) என்று கூட வரும் கேமராக்கள் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

கடையின் இருட்டு மூலைக்குப் போய் ஒரு படம் எடுங்கள். வெள்ளை வேட்டி கட்டியவர் யாராவது வாசலில் நின்றால் அவரையும் ஒன்று எடுங்கள். வேட்டி நீலமாகவோ மஞ்சளாகவோ வந்தால் அந்தக் கேமராவுக்கு நிறம் பிடிபடவில்லை. கடைசியாகக் கையால் எழுதிய ஒரு பில்லைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நம்மில் பலர் கேமராவை அதிகம் பயன்படுத்துவது பில், பட்டா, ஆதார், மருந்துச் சீட்டு, பயிரில் விழுந்த பூச்சி ஆகியவற்றுக்குத்தான். பூச்சிப் படம் தெளிவாக இருந்தால்தான் வேளாண் அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்க முடியும்.

பேட்டரி, தண்ணீர், தூசி

5000 எம்.ஏ.எச். பேட்டரி இப்போது சாதாரணம். வித்தியாசம் சார்ஜரில். 10 வாட் என்றால் முழுதாக ஏற மூன்று மணி நேரம் வரை பிடிக்கும். 33 வாட் என்றால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில பெட்டிகளில் வயர் மட்டும்தான் இருக்கும், அப்புறம் சார்ஜருக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் வரை எடுத்து வைக்க வேண்டிவரும்.

ஐ.பி.54, ஐ.பி.64 என்று எழுதியிருப்பதில் முதல் எண் தூசி, இரண்டாவது தண்ணீர். 5 என்றால் தூசி ஓரளவு தடுக்கப்படும், 6 என்றால் அறவே புகாது. 4 என்பது தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும். மழையில் ஓடி வந்து வண்டியை எடுப்பதற்கு அது போதும், வாய்க்காலில் விழுந்தால் அல்ல. தண்ணீர் புகுந்து கெட்டால் பொதுவாக வாரண்டியும் கிடைக்காது.

திருப்பூர், பல்லடம் வாசிகளுக்கு ஒன்று. பனியன் கம்பெனியிலும் மில்லிலும் பறக்கும் பஞ்சு, சட்டைப் பையில் கிடக்கும் போனின் சார்ஜ் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். வயர் சரியாக உட்காராது, சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். 'போர்டு போச்சு' என்று ரிப்பேர் கடையில் கேட்டுவிட்டு வந்த ஒருவரின் போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். ஒரு திரி அளவுக்குப் பஞ்சு வந்தது. அப்புறம் போன் ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது. ஊசியோ பின்னோ விட்டுக் குத்தாதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன், பில் போடும் முன்

டெமோ போனில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தியது என்று இருக்கும். அப்டேட் எத்தனை ஆண்டு தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது என்று கேளுங்கள். இந்த விலையில் இரண்டு ஆண்டோடு கைகழுவுகிறவர்களும் உண்டு, ஆறு ஆண்டு வரை தருவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. வங்கிக் கணக்கை அதில் வைத்திருக்கப் போகிறவருக்கு இது கேமராவைவிடப் பெரிய விஷயம்.

சரி, பிடித்துவிட்டது, வாங்கப் போகிறீர்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். ஒன்றரை வருடம் குடோனில் கிடந்தது என்றால் வேறு பெட்டி கேளுங்கள். "இது போன வாரம்தானுங்க வந்துச்சு" என்றால், கடைக்கு வந்தது போன வாரமாக இருக்கலாம்.

பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, *#06# அழுத்துங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். திரை, பெட்டி, பில் மூன்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது சரியான எண்தானா என்று பதில் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பணத்தைக் கையில் கொடுக்கவே கூடாது. கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் *#07# அழுத்திப் பார்க்கலாம். இந்தியாவில் உச்ச வரம்பு உடல் திசுவின் ஒரு கிலோவுக்கு 1.6 வாட்.

"பில் வேண்டாம்னா ஐநூறு கம்மி பண்ணித் தர்றேனுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பெட்டி மேல் உள்ள விலையில் அதுவும் அடக்கம். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கப் போகும் இடத்தில் வாயடைத்து நிற்க வேண்டும், திருடு போனால் போலீசில் புகார் கொடுக்கவும் சிரமம். கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தவணையில் எடுக்கிறவர்கள், 'வட்டி இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, கட்டாயமாகச் சேர்த்துவிடும் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தவணை தவறினால் போனைப் பூட்டும் செயலி எதையாவது போடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் எங்கே என்றும் விசாரியுங்கள். ஒரு டிஸ்பிளே மாற்றுவதற்காகக் காங்கேயத்திலிருந்து கோவை வரை போய் வருவதில் ஒரு நாள் கூலி போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும்

முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மாற்றித்தருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள்தான். மேப்பைத் திறந்து நீங்கள் திரும்பும் பக்கம் அம்பும் திரும்புகிறதா என்று பாருங்கள். திசைகாட்டி சென்சார் இல்லாத போனில் நின்ற இடத்தில் அது திரும்பாது. முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடிப் போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

தேவையில்லாத செயலிகளை நீக்கிவிடுங்கள், விளையாட்டு, கடன் கொடுக்கும் செயலிகளை முதலில். பூட்டுத் திரையில் விளம்பரம் வந்தால் அதை அணைக்கும் வழி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கும். தமிழ் விசைப்பலகையும், குரலில் சொன்னால் எழுதும் வசதியும் போட்டுக் கொடுங்கள். என் அத்தை டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. மைக்கை அழுத்தி, "சாயங்காலம் வரோணும், சோறாக்கி வெக்கறேன்" என்பார். கொங்குத் தமிழை அது பாதி புரிந்துகொண்டு எழுதும், மீதியை நாங்கள் புரிந்துகொள்வோம்.

பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் உள்ள எண்கள் சிம்மில் இருக்கின்றனவா, போனிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் இருந்தால் சிம்மோடு சேர்ந்து வராது. முதலில் எல்லாவற்றையும் சிம்முக்கு மாற்றுங்கள், சிம்மில் இடம் போதாதவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் பல ஸ்டார்ட்டர்கள் மோட்டாரைப் போடும். அந்த சிம்மைப் பட்டன் போனிலேயே விட்டுவிட்டு, டச் போனுக்கு வேறு சிம் போடுவதுதான் எங்கள் வீட்டில் வழக்கம். விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் வரும்போது, இருட்டில் கை துழாவி, ஸ்டார்ட்டரின் எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் 2 என்ற பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்.